மூட்டம்

ஷட்டரை இறக்க வேணாம் சார், விடுங்க. கறுத்துக்கிட்டு வருதுதான், ஆனா இது இங்க பெய்யாது. பெஞ்சாலும் மானாமதுரை தாண்டித்தான் பெய்யும். வானத்தை அண்ணாந்து பார்த்தே பாதி வயசு போனவன் சொல்றேன். ரயில் காத்தாவது உள்ள வரட்டும்.

சார் என்ன வேலை பாக்குறீங்க? சரி, சொல்ல வேணாம். படிச்சவர்னு மூஞ்சியிலயே தெரியுது. அதான் உங்ககிட்டச் சொல்லலாம்னு தோணுது. ஊருக்குள்ள யாருகிட்ட ஆரம்பிச்சாலும், பாதியிலேயே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாய்ங்க. நீங்க முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, என் மேல என்ன தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.

என் பேரு தனுஷ்கோடி. முதுகுளத்தூருக்குத் தெக்க, நூறு வீடு உள்ள ஊரு. கரிமூட்டம் போடுறது தொழில். கருவ மரத்தை வெட்டி, ஆள் உசரத்துக்கு மேல வட்டமா அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மூடி, உள்ள தீ வச்சிருவோம். அது எரியக்கூடாது, புழுங்கணும். பத்து நாள் புழுங்குனா கரி. நடுவுல எங்கயாச்சும் மண்ணு வெடிச்சுக் காத்து உள்ள போச்சுன்னா அத்தனையும் சாம்பல். அதனால மூட்டத்து மேல ஆளு நின்னுக்கிட்டு, வெடிப்பைப் பார்த்துப் பார்த்து மண்ணு அப்பணும். எனக்கு ஆறு மூட்டம். ஆறும் மாத்தி மாத்திப் புகைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். புகை இல்லாம கரி எப்படி சார் வரும்?

கூடப் பொறந்த தம்பி ஒருத்தன், சாத்தையா. அவன் வெவசாயம். எங்க பக்கம் ஆறு கெடையாது, வாய்க்கால் கெடையாது. ஆவணியில காஞ்ச மண்ணுல நெல்லைத் தூவிட்டு, புரட்டாசி மழைக்கு உக்காந்திருக்கணும். எத்தனையோ தடவை கூப்பிட்டேன், என்கூட வந்துர்றா, ரெண்டு மூட்டத்தை நீ பார்த்துக்கன்னு. ‘நீ புகையைத் தின்னுண்ணே, நான் மண்ணைத் தின்னுக்கிறேன்’னு சிரிப்பான். கோவமாச் சொல்ல மாட்டான். எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்டை இல்ல சார். அதை முதல்ல எழுதி வச்சுக்கங்க. எழுத வேணாம், மனசுல வச்சுக்கங்க.

போன வருசம் ஆடியில அந்தப் புள்ள வந்துச்சு. பிரிசில்லா. நாகர்கோவில் பக்கம். மதுரையில தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படிக்குது. மேகத்தைப் பத்திப் படிப்பாம். ரெண்டு மெசினு கொண்டாந்துச்சு. ஒண்ணு காத்தை உறிஞ்சி அதுல தூசி எத்தனைன்னு எண்ணுற பொட்டி. இன்னொண்ணு, மழை விழுந்தா ஒவ்வொரு துளியும் எம்புட்டுப் பெருசுன்னு கணக்கு வைக்கிற தட்டு. உசரமான எடம் வேணும்னு கேட்டுச்சு. ஊர்லயே மாடி வீடு என்னுது ஒண்ணுதான். தாராளமா வச்சுக்கம்மான்னேன். மேல ஒரு ரூம்பையும் ஒழிச்சுக் குடுத்தேன். என் வீட்டுக்காரி மூணு வேளையும் சோறு போட்டா. எதுக்குச் சொல்றேன்னா, அந்தப் புள்ளையை நான் வேத்தாளா நெனைக்கலை. பின்னாடி அது என்ன செஞ்சுச்சுன்னு கேக்குறப்ப, இதை ஞாபகம் வச்சுக்கங்க.

புரட்டாசி பொறந்துச்சு. ஒரு தூத்தல் விழுந்து நெல்லு மொளைச்சிருச்சு. அதோட சரி. தினம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேகம் கூடும். நல்லா உருண்டு திரண்டு ஊருக்கு நேரா வரும். சனமெல்லாம் வாசல்ல வந்து நிக்கும். வந்த மேகம் அப்படியே ஊரைத் தாண்டிப் போயிரும். சாயல்குடியில பெஞ்சுச்சு, கமுதியில பெஞ்சுச்சு, எங்களுக்கு இல்ல. பதினஞ்சு நாள் இதே கதை. மொளைச்ச நெல்லு நுனி கருக ஆரம்பிச்சிருச்சு.

எவனோ ஒருத்தன் டீக்கடையில கெளப்பி விட்டான், தனுஷ்கோடி மூட்டத்துப் புகைதான் மழையை வெரட்டுதுன்னு. ஒருத்தன் சொன்னா போதாதா. ஊரே அதைப் புடிச்சுக்கிச்சு. நேரா மாடிக்கு வந்து அந்தப் புள்ளைகிட்டக் கேட்டாய்ங்க. நானும் அங்கதான் நின்னேன். சாத்தையாவும் வந்திருந்தான்.

அந்தப் புள்ள சொன்னதை அப்படியே சொல்றேன், கூட்டிக் குறைச்சுச் சொல்லலை. மேகத்துல ஒவ்வொரு துளியும் ஒரு தூசியைப் புடிச்சுக்கிட்டுத்தான் உண்டாகுமாம். தூசி கம்மியா இருந்தா, இருக்கிற தண்ணியைக் கொஞ்சம் துளிதான் பங்கு போட்டுக்கும், அதனால ஒவ்வொண்ணும் பெருசா இருக்கும். பொகை, தூசின்னு கோடிக்கணக்குல போச்சுன்னா, அதே தண்ணியை அத்தனையும் பங்கு போட்டுக்கும். எல்லாம் பொடிப் பொடியா, ஒரே அளவா ஆயிரும். பொடித் துளி கீழ விழாதாம், காத்துலயே மெதக்குமாம். பெருசும் சிறுசுமாக் கலந்து இருந்தாத்தான், பெருசு எறங்குறப்ப சிறுசை அடிச்சுச் சேத்துக்கிட்டு மழையா வருமாம். கடல்ல இருந்து வர்ற உப்புத் தூசி பெருசு, அது நல்லதாம். அதான் சாயல்குடிப் பக்கம் சீக்கிரம் பெய்யுதோ என்னமோன்னுச்சு.

எங்க ஆளுகளுக்குப் புரியலை. எனக்குப் புரிஞ்சுச்சு சார். மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர் இருக்குல்ல, அது மூக்கை இறுக்குனா புகை மாதிரிப் பறந்து பக்கத்துக் காட்டுக்குப் போயிரும். தளர்த்துனா சொட்டுச் சொட்டா எலையில விழும். அது மாதிரியாம்மான்னு கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணேன்னு அந்தப் புள்ளைக்கு ஒரே சந்தோசம். நானே வெளக்கம் குடுத்தேன் சார், நானே.

அப்புறம் இன்னொண்ணும் சொல்லுச்சு. அப்படிப் பெய்யாம நிக்கிற மேகம் சும்மா போயிராதாம். பெய்ய வேண்டிய தண்ணியெல்லாம் சுமந்துக்கிட்டு இன்னும் மேல மேல ஏறுமாம். அங்க பனிக்கட்டியா உறையுமாம். சில நேரம் அது மொத்தமா ஒரே எடத்துல இடி மின்னலோட கொட்டிருமாம். சில நேரம்தான். எல்லா நேரமும் இல்ல. பொகையும் ஒரே எடத்துப் பொகை இல்ல, செங்கக் காளவாசல், லாரி, குப்பை எரிக்கிறதுன்னு எல்லாந்தான். அதையும் அதே வாயால சொல்லுச்சு.

ஆனா ஊர்க்காரய்ங்க வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டாய்ங்க. நாப்பது வீட்டுல கையெழுத்து வாங்கி மனு எழுதிட்டாய்ங்க, தை மாசம் வரைக்கும் மூட்டம் போடக்கூடாதுன்னு. மூணாவது கையெழுத்து யாருதுங்கிறீங்க? சாத்தையாவுது.

நான் கோவப்படலை. தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டாக, போனேன். தாசில்தார் ரெண்டு பக்கமும் கேட்டார். அந்தப் புள்ளையும் வந்திருந்துச்சு, ஊர்க்காரய்ங்கதான் கூட்டிட்டு வந்தாய்ங்க. என் முறை வந்தப்ப நான் எழுந்திரிச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். முந்தின நாளே யோசிச்சு வச்சிருந்தேன், பொய்யெதுக்கு. அந்தப் புள்ளைகிட்டத்தான் கேட்டேன். ‘முந்தாநாள் நம்ம ஊரு மேல வந்துட்டுப் போன மேகம், என் மூட்டத்துப் புகையாலதான் பெய்யலைன்னு உன்னால சொல்ல முடியுமாம்மா?’

முடியுமா முடியாதான்னு தாசில்தாரும் கேட்டார்.

‘அந்த ஒரு மேகத்தைப் பத்திச் சொல்ல முடியாது சார். ஆனா...’ன்னு இழுத்துச்சு.

அவ்வளவுதான் சார். என் பக்கத்து ஆளுக கையைத் தட்டிட்டாய்ங்க. ஆனாவுக்கு அப்புறம் அது என்ன சொல்ல வந்துச்சோ, ஒருத்தருக்கும் கேக்கலை. எனக்கும் கேக்கலை. மனு தள்ளுபடி. வெளிய வர்றப்ப சாத்தையா மரத்தடியில நின்னான். வாடா, கார்ல போயிரலாம்னு கூப்பிட்டேன். நீ போண்ணே, நான் பஸ்ல வர்றேன்னுட்டான். பாத்தீங்களா, அப்பக்கூட நான் கூப்பிட்டேன்.

அடுத்த வாரம் பூமயிலு மூட்டத்துக்கு வந்து நின்னா. சாத்தையா பொஞ்சாதி. ஒல்லியா, ஒசரமா இருப்பா. காலையில எட்டு மணி இருக்கும். தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மத்த பொம்பளைகளோட வரிசையில நிக்கிறா. என்னம்மான்னு கேட்டேன். ‘நெல்லு கருகிப்போச்சு மாமா. மகளுக்கு நர்ஸ் காலேஜுல அடுத்த வாரம் கட்டணும். ஆடு மேய்க்கப் போறேன்னு சொல்லி, ஆட்டை வேறொருத்திகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அவருக்குத் தெரிய வேணாம்’னா.

நான் என்ன சொல்லணும்? போத்தா வீட்டுக்குன்னு வெரட்டணுமா? தம்பி பொஞ்சாதி மூட்டத்துல நிக்கிறது எனக்கும் கௌரவக் கொறைச்சல்தான். சும்மா குடுத்தா அவ வாங்க மாட்டா. அதனால வேலை குடுத்தேன். மேல நிக்கிற வேலை. எடை கம்மியான ஆளுதான் மூட்டத்து மேல நிக்கணும், கனத்த ஆளு ஏறுனா மண்ணு வெடிச்சிரும். மத்தபடி எந்த ஓரவஞ்சனையும் இல்ல. பத்து நாள் வந்தா. நல்ல வேலைக்காரி. வெடிப்பு வர்றதுக்கு முன்னாடியே மண்ணோட நெறத்தைப் பார்த்துச் சொல்லிருவா.

ஐப்பசி பன்னெண்டு. அன்னைக்கு நான் கார்ல உக்காந்திருந்தேன். எனக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. மூட்டத்துப் பக்கத்துலயே காரை நிறுத்தி, அதுல இருந்துக்கிட்டே பாத்துக்கிருவேன். ரெண்டரை மணிக்கு வழக்கம்போல மேகம் வந்துச்சு. யாரும் அண்ணாந்துகூடப் பாக்கலை. ஒரு மாசமா ஏமாத்துன மேகம்தானே. அன்னைக்குக் கொஞ்சம் கூடக் கறுப்பு, அடியில பச்சை ஓடுன மாதிரி இருந்துச்சு. அது இப்பத் தோணுது. அப்பத் தோணலை.

அப்ப அந்தப் புள்ள போன் பண்ணுச்சு. மாடியில இருந்து. மேகம் ரொம்ப உசரம் போயிருச்சுண்ணே, இடி இருக்கலாம்னுச்சு. இருக்கலாம். கவனிச்சுக்கங்க, இருக்கும்னு சொல்லலை, இருக்கலாம். இங்க விழுமாம்மான்னு கேட்டேன். அதைச் சொல்ல முடியாதுண்ணேன்னுச்சு. இதுதான் பேச்சு. இந்தப் பேச்சை வச்சுக்கிட்டு ஒருத்தன் என்ன முடிவு எடுக்க முடியும், நீங்க சொல்லுங்க.

நாலாம் நம்பர் மூட்டத்துல தெக்க பக்கம் வெடிப்பு விட்டிருந்துச்சு. எட்டு நாள் புழுங்குன மூட்டம். அப்படியே விட்டா மழை தண்ணி உள்ள எறங்கும், இல்லைன்னா காத்து எறங்கும், ரெண்டுல எது எறங்குனாலும் போச்சு. பத்து நிமிச வேலை. அதை மட்டும் அடைச்சிட்டு எல்லாரும் எறங்குங்கன்னு கார்க் கண்ணாடியை எறக்கிச் சொன்னேன். பூமயிலு மேல நின்னா. ரெண்டு பேரு கீழ இருந்து மண்ணுச் சட்டியைத் தூக்கித் தூக்கிக் குடுத்தாக. சுத்தி எல்லாம் கட்டாந்தரை. மரத்தைத்தான் நாங்களே வெட்டிட்டமே.

வெள்ளையா ஒரு வெளிச்சம். சத்தம் எனக்குக் கேட்டுச்சா கேக்கலையான்னே தெரியலை. கண்ணைத் தொறந்து பாத்தா கீழ நின்ன ரெண்டு பேரும் தூரப் போயி விழுந்து கெடந்தாக. அவுக பொழைச்சுக்கிட்டாக, இப்ப நல்லாத்தான் இருக்காக. பூமயிலு மூட்டத்து மேலயே மண்டி போட்ட மாதிரி இருந்தா. மண்ணுச் சட்டி கையிலயே இருந்துச்சு.

நான் எறங்கி ஓடுனேன் சார். முழங்காலோட ஓடுனேன். நான் ஏறுனதும் மண்ணு சரிஞ்சிருச்சு. அவளைக் கீழ எறக்கிட்டுத்தான் மறுவேலை பாத்தேன்.

அப்புறந்தான் பெஞ்சுச்சு. துளியா அது? ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை கணக்குல. நடுவுல ஆலங்கட்டி. நாப்பது வருசத்துல நான் ஆலங்கட்டி பாத்ததில்ல. ஒன்றரை மணி நேரம். ஒரு மாசத்து மழையை ஒரே மூச்சுல கொட்டிட்டுப் போயிருச்சு. ஆறு மூட்டமும் அவிஞ்சு சேறாப் போச்சு. கம்மாக்கரை ஒடைஞ்சு, கருகி நின்ன நெல்லு, கருகாத நெல்லு எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போச்சு. சாத்தையா ஆட்டைத் தேடி, பொஞ்சாதியைத் தேடி, மேக்க காட்டுல நனைஞ்சுக்கிட்டு அலைஞ்சிருக்கான். அவ ஆடு மேய்க்கப் போகலைங்கிறதே அவனுக்குத் தெரியாதுல்ல. நான்தான் ஆள் அனுப்பிச் சொன்னேன்.

விஏஓ வந்தார், போலீஸ் வந்துச்சு. இயற்கைச் சீற்றம்னு எழுதுனாக. அரசாங்கமே எழுதிருச்சு சார். சாத்தையா கையெழுத்துப் போட்டான். அதுல என் பேரு எங்கயும் இல்ல. நான் வாசிச்சுப் பாத்தேன்.

அதோட முடிஞ்சிருக்கும். அந்தப் புள்ள சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். மூணாம் நாள் அது சாத்தையா வீட்டுக்குப் போயி, போன் பண்ணுன கதையைச் சொல்லியிருக்கு. ‘ஆளுகளை இப்பவே வீட்டுக்கு அனுப்பிருங்க, மூட்டத்து மேல ஒருத்தரும் நிக்க வேணாம்னு ரெண்டு தடவை சொன்னேன்’னு சொல்லி அழுதிருக்கு. என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு.

சொல்லுச்சு சார். சொல்லலைன்னு நான் எங்கயும் சொல்லலையே. ஆனா எப்படிச் சொல்லுச்சு? இடி இருக்கலாம், எங்கன்னு சொல்ல முடியாது, ஆனா அனுப்பிருங்க. இப்படிச் சொன்னா யாரு கேப்பா? உறுதியா, ‘அண்ணே, நாலாம் மூட்டத்துல விழப்போகுது’ன்னு சொல்லியிருந்தா நான் காரை விட்டு எறங்கியே வெரட்டியிருப்பேன். அம்புட்டுப் படிச்சுட்டு, அத்தனை மெசினை வச்சுக்கிட்டு, ஒரு விசயத்தைக்கூட உறுதியாச் சொல்ல முடியலைன்னா அந்தப் படிப்பு எதுக்கு?

அந்தப் புள்ள ஊரை விட்டுக் கெளம்புறப்ப அதுகிட்டயே கேட்டேன். மெசினையெல்லாம் கழட்டி அட்டைப் பொட்டியில வச்சுக்கிட்டிருந்துச்சு. அன்னைக்கு விழுந்த துளியெல்லாம் அந்தத் தட்டு எழுதி வச்சிருக்குமேம்மா, என்ன இருக்குன்னு கேட்டேன். இந்த மழைக்காலத்துலயே அதுதான் பெரிய பதிவுண்ணே, என்னோட காலேஜ் சாருக ரெண்டு தடவை கேட்டுட்டாக, என்னால அதைத் தொறந்து பாக்க முடியலைன்னுச்சு. வீட்டுக்காரி உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. அவளும் என்கிட்ட இப்ப அளந்துதான் பேசுறா. ரெண்டு பேரும் பொம்பளைக, ஒண்ணுக்கொண்ணு ஆதரவு, விடுங்க.

இதுல நீங்க கேக்க வேண்டியது இனிமேதான் இருக்கு. ஊரு முழுக்க என்னைப் பேசுதுல்ல? சாத்தையா என்ன செஞ்சான் தெரியுமா?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள். அன்னைக்குத்தான் முதல் தடவையா மறுபடி மூட்டம் அடுக்க ஆரம்பிச்சிருந்தோம். காலையில போயிக் காரை நிறுத்துறேன். ஆளுக வரிசையில நிக்கிறாக. கடைசியில சாத்தையா நிக்கிறான். மொட்டை போட்ட தலை, துண்டுகூடக் கட்டலை. அருவா எதுவும் வச்சிருக்கானோன்னுகூட ஒரு நிமிசம் தோணுச்சு. கூடப் பொறந்தவனை அப்படி நெனைக்கலாமா? நெனைச்சேன்.

என்னடா சாத்தையான்னேன்.

‘வேலை இருக்குமா மொதலாளி?’ன்னு கேட்டான்.

வெள்ளாமைக் காடு போயிருச்சு, மண்ணு பூரா மணல் மூடிக் கெடக்கு, மக படிப்பை நிறுத்த முடியாதுல்ல. நான் இல்லைன்னு சொல்லுவேனா? நீ கணக்கப்புள்ள மாதிரி கொட்டகையில உக்காந்து மேப்பார்வை பாருன்னேன். தலையை ஆட்டிட்டு நேரா நாலாம் நம்பருக்குப் போயி மேல ஏறிட்டான். கனத்த ஆளு, வேணாம்டான்னேன். அவன் கால் வைக்கிற எடம் பாத்துப் பாத்து வச்சான், ஒரு வெடிப்புகூட விடலை. அன்னையில இருந்து தினம் வர்றான். ஆறு மாசமாச்சு. மேகம் கூடுறப்ப நான் காரை விட்டு எறங்கி, எறங்குங்க எல்லாரும்னு சத்தம் போடுறேன், இப்பல்லாம் நான்தான் முதல்ல சத்தம் போடுறது. எல்லாரும் எறங்கிருவாக. அவன் கடைசியாத்தான் எறங்குவான். என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிப்பான், அப்புறம் எறங்குவான்.

இப்பச் சொல்லுங்க சார். தப்பு என் மேலன்னு நெனைச்சா, போன் பண்ணுன கதையெல்லாம் கேட்ட பெறகும், என்கிட்டயே வந்து வேலைக்கு நிப்பானா? நிக்க மாட்டான்ல? அதைத்தான் நான் ஊர்க்காரய்ங்களுக்குச் சொல்றேன், ஒருத்தனுக்கும் வெளங்க மாட்டேங்குது.

மொதலாளின்னு கூப்பிடுறான், அது ஒண்ணுதான். மத்த ஆளுக எல்லாம் அப்படித்தானே கூப்பிடுறாக. வேலை செய்யிற எடத்துல சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னு நெனைச்சிருப்பான், அவன் அந்த மாதிரி மரியாதை தெரிஞ்சவன். வீட்டுல வச்சுப் பாத்தா அண்ணேன்னுதான் கூப்பிடுவான். நான் இன்னும் அவன் வீட்டுக்குப் போகலை, அவனும் வரலை. பொங்கலுக்கு வருவான்னு பாத்தேன். வருவான் சார். கூடப் பொறந்தவன் வேற என்னன்னு கூப்பிடப் போறான்?